குறி தப்பினால்... நாப்பைத் தொடாதே!

ரைஃபிள் ரேஞ்சில் அடிக்கடி அரங்கேறும் காமெடி இது. புதுசா ஸ்கோப் மாட்டிய .22 ரைஃபிளோடு ஒருத்தர் வருவார். ஸ்டைலாகப் படுப்பார், ஒரு கண்ணை மூடுவார், 'டப்!' தோட்டா இடது பக்கம் கீழே போய் உட்கார்ந்திருக்கும். உடனே ஸ்கோப் தலையில் இருக்கும் நாப்பை நாலு க்ளிக் திருகுவார். அடுத்தது வலது மேலே! மறுபடி திருகல். அதுக்கடுத்தது வேற மூலை. ஐம்பது ரவுண்டு பாக்கெட் காலியாகும்போது அட்டை இட்லித் துணி மாதிரி ஆகியிருக்கும். 'ஸ்கோப் டுபாக்கூர் பாஸ்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பாவம், அந்த ஸ்கோப்! பத்துக்கு எட்டு தடவை நிரபராதியைத்தான் தூக்கில் போடுகிறோம் என்பார்கள் ரேஞ்சில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நிஜக் குற்றவாளி ஏதோ ஒரு லூஸ் ஸ்க்ரூவாக இருக்கும். அதைப் பிடிக்கிற துப்பறியும் வேலை இருக்கே... நம்ம லேப் எக்ஸாமில் சர்க்யூட் அவுட்புட் வராதபோது செய்வதேதான்!

முதலில் ஒரு விஷயம். நம்ம நாட்டில் .22 ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். பழகணும்னா ரைஃபிள் கிளப்போ, என்.சி.சி-யோ, பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தால் மட்டும்தான். ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று ரெண்டு தடவை பார்க்கணும். இதில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்ற பேச்சே கிடையாது.

ஸ்கோப் எங்கே, பீப் எங்கே?

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியில் டெலஸ்கோப்புக்கு இடமில்லை. அங்கே 'பீப் சைட்' எனும் சின்ன ஓட்டைதான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது அப்படித்தான். மான் பொம்மை போல அட்டை ஓடுகிற 'ரன்னிங் டார்கெட்' போட்டியில் மட்டும் ஸ்கோப் உண்டு. அதுவும் 2004 ஏதென்ஸோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. மேஜை மேல் ரைஃபிளைத் தாங்கி வைத்து 50 மீட்டரில் சுடும் 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டியில் இப்பவும் ஸ்கோப்தான் ராஜா. சைட் எதுவானாலும் பழுது பார்க்கும் லாஜிக் ஒன்றேதான்.

ஒரு தோட்டா சாட்சி சொல்லாது!

உலகத்தின் பெஸ்ட் ரைஃபிளை இரும்பு வைஸில் பூட்டிச் சுட்டாலும் எல்லாத் தோட்டாவும் ஒரே ஓட்டையில் போகாது. கொஞ்சம் சிதறும். அந்தச் சிதறலுக்குப் பெயர் 'குரூப்'. ரைஃபிளோட இயல்பு அது.

நம்ம நாப் திருகும் ஹீரோ என்ன பண்ணினார்? ஒவ்வொரு தோட்டாவின் சிதறலையும் தப்பு என்று நினைத்துத் திருத்தினார். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் இதை ஒரு புனலும் கோலிக்குண்டும் வைத்து விளக்கிக் காட்டுவார். புனல் வழியாகக் கோலியைப் போடணும். எங்கே விழுதோ, அந்த அளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தணும். ஒவ்வொரு தடவையும் இப்படித் 'திருத்தினால்', கோலிகள் புனலைச் சும்மா விட்டதைவிட அதிகமாகச் சிதறும். வேரியன்ஸ் அப்படியே ரெண்டு மடங்கு! அதாவது சிதறல் சுமார் 1.4 மடங்கு. அக்கறையோடு செய்த வேலைதான் ரிசல்ட்டைக் கெடுக்குது.

அதனால் ரூல் நம்பர் ஒன்: ஒரே இடத்தைக் குறிவைத்து அஞ்சு ரவுண்டு, நாப்பில் கை வைக்காமல். அப்புறம்தான் விசாரணை.

* அஞ்சும் நெருக்கமாக, ஆனால் நடுவுக்கு வெளியே: வாழ்த்துகள்! எல்லாம் நலம். இப்போ நாப்பைத் திருகலாம்.
* அஞ்சும் அஞ்சு திசையில்: லூஸ் ஸ்க்ரூ, ஒத்துவராத தோட்டா அல்லது நம்ம மூச்சும் விரலும்.
* வரிசையாக ஒரே பக்கம் நகருது: மவுண்ட் நழுவுகிறது என்று முதல் சந்தேகம்.
* ரெண்டு தனித்தனிக் கூட்டம்: ஸ்கோப் ரெண்டு இடத்துக்கும் ஆடுகிறது அல்லது தலையை ரெண்டு விதமாக வைக்கிறோம்.

க்ளிக் கணக்கு

திருகலாம் என்று முடிவானால் குத்துமதிப்பு வேண்டாம். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு 'மினிட் ஆஃப் ஆங்கிள்'. 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ, 50 மீட்டரில் 1.45 செ.மீ. நிறைய ஸ்கோப்களில் ஒரு க்ளிக் அதில் கால்பங்கு. ஆக 50 மீட்டரில் ஒரு க்ளிக் 3.6 மி.மீ. குரூப்பின் நடு 29 மி.மீ இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் 8 க்ளிக். அதே 29 மி.மீ, 25 மீட்டரில் என்றால் 16 க்ளிக். டென்த் கணக்குதான் பாஸ்!

ஸ்க்ரூவிடம் ஆரம்பிப்போம்

குரூப்பே சேரவில்லையா? கீழிருந்து மேலே போகணும். முதலில் மரக்கட்டையையும் இரும்பையும் இணைக்கும் ஸ்க்ரூ. மரம் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும் ஜாதி. இங்கே ஆட்டம் இருந்தால் மேலே என்ன செய்தாலும் வேஸ்ட். அடுத்து மவுண்ட், அதாவது ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் கவ்வி. பெரும்பாலான .22-களில் 11 மி.மீ அகலத் தடத்தில் இது உட்காரும். தடத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் முறுக்கணும். கடைசியில் ஸ்கோப் குழாயைச் சுற்றியிருக்கும் வளையங்கள்.

'நல்லா இறுக்கிட்டா போச்சு' என்று பலம் காட்டக் கூடாது. குழாய் மெல்லிய அலுமினியம். ஓவராக இறுக்கினால் நசுங்கும், உள்ளே லென்ஸும் குறுக்குக் கம்பியும் சிரமப்படும். வளைய ஸ்க்ரூவுக்குப் பல தயாரிப்பாளர்கள் சொல்வது 2 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம்தான். சைக்கிள் கடை ஸ்பானர் பிடி இங்கே செல்லாது. ஒரு பக்கத்தை முழுசா முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், கார் டயர் நட்டு மாதிரி மாத்தி மாத்தி முறுக்கணும்.

நழுவுதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தங்கச்சியிடம் நெயில் பாலிஷ் கடன் வாங்குங்க! வளையத்திலும் குழாயிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு. இருபது ரவுண்டுக்கு அப்புறம் கோடு உடைந்திருந்தால் திருடன் சிக்கினான்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் இது இன்னும் மோசம். பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் முட்டும்போது முன்னே உதைக்கும். ரெண்டு பக்க அடி வாங்கி ஸ்கோப் மெல்ல மெல்லத் தடத்தில் ஊரும். அதைத் தடுக்கவே 'ஸ்டாப் பின்' வைத்த மவுண்ட்கள் இருக்கு. சும்மா இறுக்குவது அதற்கு வைத்தியம் இல்லை.

கொத்தனார் வித்தை

ஸ்க்ரூ எல்லாம் ஓகே, அப்பவும் மேலே திருகினால் தோட்டா பக்கவாட்டிலும் போகுதா? குறுக்குக் கம்பி ரைஃபிளுக்கு நேராக இல்லை என்று அர்த்தம். கொத்தனார் அண்ணன் கையில் இருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் போதும். ரைஃபிளை ரசமட்டம் வைத்து நேராக்கி, தூரத்தில் தொங்கும் நூலோடு கம்பி ஒட்டி நிற்கும்வரை ஸ்கோப்பைச் சுழற்றி, பிறகு முறுக்கணும்.

சுடும்போது ரைஃபிளைச் சாய்த்தாலும் வம்புதான். சாதாரண .22 தோட்டா 50 மீட்டரைக் கடக்க சுமார் 0.16 விநாடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 12.5 செ.மீ இறக்கிவிடும். ரைஃபிளை 5 டிகிரி சாய்த்தால் அந்த இறக்கத்தில் சுமார் 1.1 செ.மீ பக்கவாட்டுக்குத் திரும்பும். 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் 10 பாயின்ட் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ. நடுவுக்குப் போக வேண்டிய தோட்டா 9-க்குப் போய்விடும்!

தலையை ஆட்டிப் பார்

அடுத்த சந்தேகம் பாராலக்ஸ். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் தப்பான வேகம் தெரியுமே, அதே கதை. ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்க. குறுக்குக் கம்பி அட்டை மேல் நீந்தினால் பாராலக்ஸ் இருக்கு. .22-க்கென்றே செய்த ஸ்கோப்களை 50, 60 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். பெரிய ரைஃபிள் ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு. அதைக் கொண்டுவந்து கிட்டத்தில் சுட்டால் கன்னத்தை வைக்கும் இடம் மாறும்போதெல்லாம் தோட்டாவும் மாறும். அட்ஜஸ்ட் பண்ணும் வளையம் இருந்தால் திருப்பலாம். இல்லாவிட்டால் தினமும் ஒரே இடத்தில் கன்னம் வைக்கப் பழகணும்.

இத்தனையும் முடிந்தபிறகுதான் ஸ்கோப்பைக் கூண்டில் ஏற்றணும். நல்லா இருக்கிற வேறொரு ஸ்கோப்பை அதே ரைஃபிளில் மாட்டிச் சுடணும். குரூப் சேர்ந்தால் பழையது குற்றவாளி. சேராவிட்டால்... கேஸ் திரும்ப நம்ம மூச்சுக்கும், தோட்டாவுக்கும் வருது!

ஒரு 4-ம், ஒரு தங்கமும்

அப்போ ஒரே ஷாட்டைப் பார்த்து சைட்டைத் திருத்தவே கூடாதா? 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். 10 மீட்டர் ஏர் ரைஃபிள். தகுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா 600-க்கு 596, நாலாவது இடம். ஃபைனலுக்கு முந்தைய சோதனை ஷாட்டில் அவருக்கு விழுந்தது 4! சைட் இடம் மாறியிருந்ததாகப் பிற்பாடு சொல்லப்பட்டது.

யோசியுங்க. 60 ஷாட்டில் மொத்தமே நாலு பாயின்ட் இழந்த ஆள் அவர். அதாவது அதிகபட்சம் நாலு தடவைதான் 10-ஐத் தவறவிட்டிருக்கிறார். அவரோட குரூப்பில் 4 என்ற நம்பருக்கு வேலையே இல்லை. அது சிதறல் அல்ல, செய்தி. சில நிமிஷத்தில் சரிசெய்தார். ஃபைனலின் முதல் ஷாட் 10.7. கடைசி ஷாட்டுக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனோடு சமநிலை, பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7. மொத்தம் 700.5, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

தன் குரூப் எவ்வளவு என்று தெரிந்தவருக்கு ஒரே ஷாட் போதும். தெரியாதவருக்கு ஐம்பது ரவுண்டும் பத்தாது. ஒரு இன்டர்னலில் மார்க் போனதுமே 'எனக்கு மேத்ஸ் வராது' என்று எலெக்டிவை மாத்தப் போகும் மக்களே... அஞ்சு ரவுண்டு சுட்டுட்டீங்களா?