கருந்தலை ஆடுகளும் அடைபட்ட துறைமுகமும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குங்கால், ஏடன் வளைகுடாவின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பெர்பெரா துறைமுகம் ஆடுகளால் நிரம்பிவிடும். உடல் வெளுத்துத் தலை மட்டும் கறுத்த சோமாலியச் செம்மறிகள் அங்கிருந்தே கப்பலேறி ஜித்தா சேர்கின்றன. அத்துறைமுகத்தின் பெயராலேயே அரபுச் சந்தையில் அவற்றுக்குப் 'பர்பரி' என்று பெயர். 1997ஆம் ஆண்டில் பெர்பெராவிலிருந்து சென்ற ஆடுகள் ஏறத்தாழ 30 இலட்சம்!

அவ்வாண்டின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை கொட்டிற்று. வெள்ளத்தைத் தொடர்ந்து வந்தது ரிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். 1931இல் கென்யாவில் கண்டறியப்பட்ட இந்நோயின் கிருமி, கொசு முட்டைகளுக்குள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வெள்ளம் தேங்கினால் கொசுவோடு விழித்தெழும். சினையாடுகள் கருச்சிதைவுறும், குட்டிகள் மடியும். நோயுற்ற ஆட்டின் இரத்தம் பட்டால் மனிதருக்கும் தொற்றும்.

1998 பிப்ரவரியில் சவூதி அரசு வாயிலை அடைத்தது. மறு ஆண்டு திறந்தது. ஆனால் 2000 செப்டம்பரில் ஜீஸான் பகுதியிலும் யமனிலும் அதே காய்ச்சல் பரவி, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்நோய் பரவியது அதுவே முதன்முறை. கிருமியோ கிழக்கு ஆப்பிரிக்கக் கிருமியின் நெருங்கிய இனம். ஆகவே, சவூதியின் அச்சம் வீணானது என்று சொல்வதற்கில்லை. மீண்டும் அடைபட்ட வாயில் திறக்க 2009 நவம்பர் ஆயிற்று.

இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளை அந்த இடையர் குடும்பங்கள் எவ்வாறு கழித்திருக்கும்! ஆட்டை விற்ற காசில்தான் அரிசியும் சர்க்கரையும் துணிமணியும் அவர்கள் வீடு வந்து சேரும். மந்தையில் ஓர் ஆடுகூட நோயுறாதவருக்கும் தடை ஒன்றே. நலமான ஆடு இது என்று எழுதித் தர, பிறநாடுகள் ஏற்கத்தக்க முத்திரை அங்கில்லை. 1991இல் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தை அந்நாளில் எந்நாடும் அங்கீகரிக்கவில்லை. நோயைக் காட்டிலும் இந்தக் காகிதக் குறையே அவர்களை அதிகம் வாட்டியது என்பது நம் எண்ணம்.

பின்னர் பெர்பெராவிலேயே தனித்தொழுவங்கள் எழுந்தன. ஆடுகளை அங்கே நிறுத்திவைத்து, இரத்தம் சோதித்து, நோயில்லாதவற்றை மட்டும் கப்பலேற்றினர். 2009இல் வாயில் திறந்தது இந்த ஏற்பாட்டினால்தான். எனினும் 2016 இறுதியில், நாடே வறட்சியில் தவித்த வேளையில், தடை மறுபடியும் வந்தது.