எலும்பில் தங்கும் காரீயம்

அரை ஆயுட்காலம் என்றதும் உங்களுக்கு ரேடியமும் யுரேனியமும்தாம் நினைவுக்கு வரும். உடலில் புகுந்த நச்சுப் பொருளுக்கும் இக்கணக்கு உண்டு. காரீயத்தை எடுத்துக்கொள்வோம். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம்.)

பழைய மோட்டார் பாட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கு வேலை செய்பவர் காரீயப் புகையையும் தூசியையும் சுவாசிக்கிறார். அது இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய ஒரு மாதம். அப்படியானால், வேலையை விட்ட ஓராண்டில் அது 4,096-இல் ஒரு பங்காகிவிடும் அல்லவா?

பெருக்கல் சரி, விடை தவறு. காரீய அயனி, கால்சிய அயனியைப் போலவே இரண்டு நேர்மின்னூட்டம் உடையது. உடல் ஏமாந்து அதை எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அரை ஆயுட்காலம் பத்து, இருபது ஆண்டுகள். அதற்கு மேலும் ஆகலாம். எலும்பு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் காரீயம் சிறிது சிறிதாக இரத்தத்துக்குத் திரும்புகிறது. முதுமையில் எலும்பு தேயும்போது இது மிகும். மூளையிலும் இதே ஆள்மாறாட்டந்தான். நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பக் கால்சியம் வேண்டும். அதன் இடத்தில் காரீயம் புகுந்து குழப்புகிறது.

உயிருள்ளவரின் எலும்பில் உள்ள காரீயத்தை எப்படி அளப்பது? இது நம் இயற்பியலின் வேலை. காட்மியம்-109 ஐசோடோப்பிலிருந்து வரும் 88 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின்மீது செலுத்துகிறார்கள். அது காரீய அணுவின் கே கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெளியேற்றும். அந்தக் காலியிடத்தை மேற்கூட்டு எலெக்ட்ரான் வந்து நிரப்பும்போது, காரீயத்துக்கே உரிய எக்ஸ் கதிர் வெளிப்படும். அதை எண்ணினால் அளவு தெரிந்துவிடும்; ஊசி கூடக் குத்த வேண்டாம்!

பெட்ரோலில் கலக்கும் டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைத் தயாரித்த முன்னாள் தொழிலாளர்கள் 535 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்த முடிவு 2000-இல் வெளிவந்தது. அந்த வேலையை விட்டு அவர்களுக்குச் சராசரியாக 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும், எலும்பில் காரீயம் மிகுதியாகச் சேர்ந்திருந்தவர்களுக்கு நினைவாற்றலும் கைத்திறனும் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகக் குறைந்துகொண்டே வந்தன.

அதே 2000-இல் இந்தியா காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. பாட்டரிப் பட்டறைகள் நிற்கவில்லை. அங்குள்ள தூசி தொழிலாளியின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருகிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் குடல் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தையின் குடல் ஏறக்குறையப் பாதியை உறிஞ்சிவிடும். அதனால்தான் ஒழுங்கான தொழிற்சாலைகளில் வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகே ஆட்கள் வெளியே வருகிறார்கள். கொட்டகைப் பட்டறைகளில் கை கழுவக் குழாய் கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.