நின்ற இடமே சாட்சி: ஓசூர் மலையூர்களின் நடுகற்கள்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், பிரான்சும் இத்தாலியும் எல்லை பகிரும் சவோய் பகுதியின் சிற்றூர்த் தேவாலயங்கள், சுண்ணாம்பு பூசிய சுவரும் கற்பலகைக் கூரையுமாக வெளிப்பார்வைக்கு எளிமையாகவே தோன்றினாலும், உள்ளே பலிபீடத்தின் பின்புறத்தில் கூரையை எட்டும் அளவுக்கு எழும் பொன்முலாம் பூசிய மரச்சிற்பத் தொகுதிகளைக் கொண்டவை. முறுக்கிய தூண்கள், காற்றில் அலைவது போன்ற ஆடை மடிப்புகள், உணர்ச்சி ததும்பும் முகங்கள் ஆகியவற்றால் அடையாளம் காணப்படும் இந்தப் பாணியைக் கலை வரலாற்றாசிரியர்கள் ‘பரோக்’ என்று அழைக்கின்றனர்; ஒழுங்கற்ற வடிவுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து திருச்சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபை கலையைச் சமய போதனையின் கருவியாகக் கொண்டபோது வளர்ந்த இப்பாணி, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இம்மலையூர்களை அடைந்தது. பனிக்காலத்தில் பிழைப்புக்காக நகரங்களுக்குச் சென்று திரும்பிய உழைப்பாளிகளின் காணிக்கையும் அச்சிற்பங்களில் சேர்ந்திருக்கிறது.

1992இல் அப்பகுதியின் அல்பெர்வில் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்ததை ஒட்டி, இத்தேவாலயங்களை இணைக்கும் ‘பரோக் வழிகள்’ என்னும் பயணத் தடம் உருவாக்கப்பட்டது. பனிச்சறுக்கு விளையாட்டுக்காக மட்டுமே வந்துகொண்டிருந்த பயணியர் ஊர்க் கோயிலையும் பார்க்கத் தொடங்கியதற்கு இத்தடம் ஒரு காரணமாயிற்று. சிற்பங்களைத் தேடிப் பயணியர் ஊருக்கு வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பயணியரைத் தேடிச் சிற்பங்கள் நகரத்துக்குப் போக வேண்டும் என்று அங்கே யாரும் முடிவு செய்துவிடவில்லை. தமிழகத்தின் வடமேற்கு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் வட்டாரத்து மலையூர்களுக்கு இந்த ஒரு செய்தி மிகவும் பொருந்துகிறது.

பீடபூமியின் கற்கள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் விரியும் ஓசூர்ப் பீடபூமியை இன்று பெரும்பாலோர் தொழிற்சாலைகளின் ஊராகவும், பெங்களூரின் தொடர்ச்சியாகவும், ரோஜாவும் காய்கறியும் விளையும் குளிர்ந்த நிலமாகவும் மட்டுமே அறிவர். ஆயினும் சூளகிரிக்கு அருகிலுள்ள மல்லசந்திரத்தின் கற்திட்டைகள் (இறந்தோர் நினைவாகக் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து அமைக்கப்பட்ட பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்), பர்கூர்ப் பக்கத்து மல்லப்பாடியின் வெண்ணிறப் பாறை ஓவியங்கள், இராயக்கோட்டை மலைக்கோட்டை, ஓசூர்க் குன்றின்மேல் அமைந்த சந்திரசூடேசுவரர் கோயில், வேட்டைக்காரக் கோலத்துப் பெருமாளைப் பெயரிலேயே சுமக்கும் தேன்கனிக்கோட்டைப் பேட்டராயசுவாமி கோயில் என்று, ஒரு பயணத் தடத்துக்குப் போதுமான செல்வம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. இவை ஓரளவு அறியப்பட்டவை, சில சட்டப் பாதுகாப்பும் பெற்றவை. ஊர்தோறும் சிதறிக் கிடந்தும் உரிய கவனம் பெறாதவை நடுகற்களே.

போரிலோ, ஆநிரை மீட்கும் பூசலிலோ, காட்டு விலங்குடன் நேர்ந்த மோதலிலோ உயிர்விட்டவருக்கு அவர் உருவைப் பொறித்து நடப்படும் நினைவுக்கல்லே நடுகல். உரிய கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி, அதைக் கொண்டுவரத் தொடங்கும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் இச்சடங்கை வகுத்திருப்பதிலிருந்து, இலக்கணம் சொல்லும் அளவுக்கு அது நிலைபெற்றிருந்தது தெரிகிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்கள் இம்மரபின் பழமையைக் கிறித்து பிறப்புக்கு முன்பு வரை கொண்டு சென்றன. செங்கம் வட்டாரத்து நடுகற்களின் தொகுதியை 1972இலும், தருமபுரிப் பகுதிக் கல்வெட்டுகளை அதன் பின்னரும் தமிழகத் தொல்லியல் துறை நூலாக்கிய பிறகு, பழைய தகடூர் நாடு (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) நடுகற்களின் சுரங்கம் என்பது அறிஞர் உலகில் ஐயமின்றி நிலைபெற்றது.

ஓசூர்ப் பக்கத்தின் தனிச்சிறப்பு அது இரு பாணிகள் கலக்கும் நிலம் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டு நடுகல் பெரும்பாலும் ஒரே பலகையில் வீரன் ஒருவனைப் புடைப்புச் சிற்பமாக, அதாவது பின்னணிக் கல்லோடு ஒட்டியவாறு சற்றே மேலெழும்பிய உருவமாகக் காட்டுவது. கையில் வில்லோ வாளோ, உடலில் தைத்த அம்புகளோ, காலடியில் கெண்டியும் பெட்டியுமோ இடம்பெறும். கன்னட நாட்டு ‘வீரகல்லு’ அடுக்குகளாகப் பிரிவது. கீழடுக்கில் போர், நடு அடுக்கில் வானுலக மகளிர் வீரனைத் தாங்கிச் செல்லும் காட்சி, மேலடுக்கில் சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கும் நிலை என்று ஒரு கதை கீழிருந்து மேலாக வளரும். கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர், விசயநகரத்தார் என ஆட்சிகள் மாறி மாறி வந்ததால், இரு பாணிகளும் இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கிடைக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொய்சள மன்னன் வீரராமநாதன் தலைநகராகக் கொண்ட குந்தாணி இன்று சின்னக்கொத்தூர் என்னும் சிற்றூராகச் சுருங்கியிருந்தாலும், அதன் சுற்றுவட்டாரத்தில் நடுகற்கள் நிறைந்திருப்பது வியப்பில்லை.

கல் சொல்லும் செய்தி

நடுகல் கல்வெட்டுகளின் மொழி சுருக்கமானது. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில் தொறு கொள்ளப்பட்டபோது, அதை மீட்டு இன்னார் பட்டார் என்பதே பெரும்பாலும் அதன் அமைப்பு. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. ‘பட்டான்’ என்றால் இறந்துபட்டான். இறந்தவரின் குடும்பத்துக்கு ஊரோ தலைவனோ நிலம் விட்ட செய்தியும் சில கற்களில் உண்டு. அந்நிலத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்றும், நெய்த்தோர் என்பது குருதி என்பதால் ‘நெய்த்தோர்பட்டி’ என்றும் பெயர் வழங்கியது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்த, திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர்க் கல்லில், வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருப்பதோடு, அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்ததும் எழுதப்பட்டுள்ளன. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளில் இடமே பெறாத எளிய மனிதரும் அவர் வளர்த்த உயிரும் பெயரோடு நிற்கும் ஆவணம் இது.

புலியோடு போரிட்டு மாய்ந்தவருக்கு எடுத்த புலிக்குத்திப்பட்டான் கல், காட்டுப்பன்றியால் இறந்தவருக்கு எடுத்த பன்றிக்குத்திப்பட்டான் கல், தன் தலையைத் தானே அரிந்து பலி தந்தவரின் நவகண்டக் கல், கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணுக்கு வளையணிந்து உயர்த்திய கையோடு எடுத்த சதிக்கல் என இதன் வகைகள் பல. கன்னடத்தில் ‘மாஸ்தி’ என்று மருவி வழங்கும் மகாசதிக் கற்களைப் பார்க்கும்போது வியப்பைவிட வேதனையே மிகுகிறது என்றாலும், அந்த வேதனையும் வரலாற்றின் பகுதியே.

மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் நடுகற்கள் ‘வேடியப்பன்’ என்ற பெயரில் குலதெய்வமாக வழிபடப்படுகின்றன. கன்னடமும் தெலுங்கும் பேசும் மேற்கு ஊர்களில் அவை வீரகல்லாகவே நின்று, ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய்க்காப்பும் மஞ்சளும் பொங்கலும் பெறுகின்றன. கல்வெட்டைப் படிக்கத் தெரியாமல் போன பிறகும் பல நூற்றாண்டுகள் அக்கற்கள் காப்பாற்றப்பட்டிருப்பது இந்த வழிபாட்டினால்தான்.

இடம் என்னும் ஆவணம்

ஒரு நடுகல்லின் பொருளில் பாதி அதன் சிற்பத்திலும் எழுத்திலும் இருக்கிறதென்றால், மறுபாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் நிற்கும் கல், ஊர் எல்லையில் நிற்கும் கல், மேய்ச்சல் காட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நிற்கும் கல் ஆகிய மூன்றும் ஒரே உளியால் ஒரே உருவமாகச் செதுக்கப்பட்டிருந்தாலும் மூன்று வேறு செய்திகளைச் சொல்பவை. மந்தை எந்தத் திசையில் ஓட்டிச் செல்லப்பட்டது, பழைய எல்லை எங்கே ஓடியது, இன்று வயலாகிவிட்ட இடத்தில் முன்பு பாதை இருந்ததா என்பனவற்றையெல்லாம் கல்லின் இருப்பிடத்திலிருந்தே ஆய்வாளர் ஊகிக்க முடியும்.

ஜவளகிரி வனச்சரகத்தைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2014இல் 504.33 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய இவ்வூர்களில், ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. புலிக்குத்திப்பட்டான் கற்கள் நிற்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காடு எங்கே முடிந்து உழுநிலம் எங்கே தொடங்கியது என்பதற்கு ஒரு தோராயமான கோடு கிடைக்கும். மனிதருக்கும் விலங்குக்குமான இன்றைய மோதலைப் பேசுவோர் தேடும் பழைய எல்லைக்கு அதைவிட நேரடியான சான்று அரிது. ஆனால் அந்தக் கோட்டை வரைய வேண்டுமானால் கற்கள் நட்ட இடத்திலேயே இருந்தாக வேண்டும்.

இருக்கின்றனவா என்பதே கவலைக்குரிய கேள்வி. 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை வளரத் தொடங்கியதிலிருந்து பீடபூமியின் நிலமதிப்பு ஏறிக்கொண்டே வந்து, ராகிக் கொல்லைகள் மனைப்பிரிவுகளாக மாறும் வேகம் இப்போது தளிச் சாலையையும் தேன்கனிக்கோட்டைச் சாலையையும் தொட்டுவிட்டது. கொல்லையைச் சமன்படுத்த வரும் பொக்லைன் இயந்திரத்துக்குப் பாதி புதைந்த பலகைக்கல்லும் வரப்போரக் கல்லும் ஒன்றுதான். நடுகல் செதுக்கப்பட்ட அதே கருங்கல்லைத் தேடி மலைகளையே அறுக்கும் கிரானைட் குவாரிகளும், அக்கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர்களும் மாவட்டமெங்கும் பரவியிருக்கின்றன. வாய்க்காலுக்கு மூடுபலகையாகவும், துணி துவைக்கும் கல்லாகவும், மாடு கட்டும் முளையாகவும் மாறிய கற்கள் ஒருபுறம். பக்தியின் பெயரால் எனாமல் வண்ணம் பூசப்பட்டு, சிமெண்டில் பதிக்கப்பட்டு, எழுத்து முழுவதும் மறைந்துபோன கற்கள் மறுபுறம். நாசம் செய்யும் எண்ணம் இவற்றில் எவருக்கும் இருந்ததில்லை; கல் இன்னதென்று சொல்வதற்கு அந்த நேரத்தில் யாரும் அருகில் இல்லை என்பதே உண்மை.

நடுகற்களைத் திரட்டி அருங்காட்சியகத்தில் வைப்பதே பாதுகாப்பு என்போரும் உண்டு. உடையும் நிலையிலுள்ள கல்லுக்கு அது சரியான வழியே. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள கற்களால்தான் மாணவர்கள் பலர் இம்மரபை அறிகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இடம் பெயர்ந்த கல் அழகிய சிற்பமாக எஞ்சுமே தவிர, ஊரின் சாட்சியாக எஞ்சாது. சவோயின் மரச்சிற்பத்தைப் பெயர்த்து நகரக் கூடத்தில் வைத்தாலும் பொன்முலாம் மின்னும். பனிக்காலம் முழுவதும் வெளியூரில் உழைத்தவர் ஏன் அந்தச் சிற்றூருக்கு அதைச் செய்து வைத்தார் என்பது மட்டும் விளங்காது. பவேரிய ஆல்ப்ஸ் அடிவாரத்தில் 1745 முதல் 1754 வரை கட்டப்பட்ட வீஸ் தேவாலயம், 1983இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னும், முதலில் எழுந்த அதே புல்வெளியின் நடுவில்தான் நிற்கிறது.

சட்டம் இதில் ஓரளவுக்கே துணை நிற்கும். தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தன. மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நூறாண்டு கடந்த சிற்பத்தைத் தொல்பொருளாகக் கொள்ளும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் பெரும்பாலும் விற்பனையையும் கடத்தலையும் கட்டுப்படுத்துவது. இவற்றுள் முதல் இரண்டும் அறிவிக்கப்பட்ட சின்னத்துக்கே பொருந்துவதால், பட்டா நிலத்தின் மூலையில் பெயர் தெரியாமல் நிற்கும் வீரகல்லுக்கு நிலத்துக்காரரின் மனமே வேலி. ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் இருக்கும் கற்களைத் தனித்தனியே அறிவிப்பதும் காவல் போடுவதும் எந்த அரசாலும் ஆகாத காரியம்.

ஆகவே செய்யத்தக்கது ஊரளவில்தான் இருக்கிறது. கல் நிற்கும் நிலத்தின் சர்வே எண், நான்கு பக்க அடையாளம், ஊரார் வழங்கும் பெயர், வழிபடும் குடும்பம், ஒரு புகைப்படம் ஆகிய ஐந்தையும் ஒரு பேரேட்டில் எழுதி, அதைக் கிராம சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்துவிட்டால், அந்த நிலம் பின்னாளில் மனையாகப் பிரிக்கப்படும்போது கல்லைப் பற்றி அறியவில்லை என்று எவரும் சொல்ல இயலாது. மனைப்பிரிவில் விடவேண்டிய பொது இடத்தைக் கல்லைச் சுற்றியே விடச் சொல்லிக் கேட்கவும் ஊருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை; பள்ளி ஆசிரியர் ஒருவரும், கன்னடமும் தமிழும் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரும், கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர் இருவரும் போதும். பயணத் தடமும் வழிகாட்டிப் பலகையும் அதன் பிறகு தாமே வரும். அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில், தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் பிறகாவது, தங்கள் ஊர்க் கற்களின் பட்டியலையும் பதிவு செய்யுமாறு ஜவளகிரி வட்டாரத்து வாசகர்கள் எழுந்து கேட்க வேண்டும்.