இக்கிகாய் என்னும் சொல்

பள்ளியிறுதித் தேர்வை எழுதி முடித்த மாணவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எந்த வேலைக்குப் போகலாம்?" என்பது. அக்கேள்விக்கு விடையாக இந்நாளில் ஒரு சித்திரத்தைக் காட்டுகின்றனர். அதில் நான்கு வட்டங்கள் உள்ளன. நாம் விரும்புவது ஒன்று. நமக்குத் திறமை உள்ளது ஒன்று. உலகம் வேண்டுவது ஒன்று. ஊதியம் தருவது ஒன்று. நான்கும் கூடுகின்ற நடுவிடத்திற்கு 'இக்கிகாய்' என்று பெயரிட்டு, ஜப்பானியர் கண்ட வாழ்க்கைத் தத்துவம் இதுவே என்று கூறுகின்றனர்.

சித்திரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஜப்பானில் பிறந்ததன்று. வாழ்க்கையின் நோக்கத்தை விளக்க மேனாட்டில் வரையப்பட்டிருந்த ஒரு படத்தின் நடுவில், 2014-ஆம் ஆண்டில் மேனாட்டார் ஒருவர் இந்த ஜப்பானியச் சொல்லை எழுதிவிட்டார். அது உலகெங்கும் பரவிற்று. இதனால் என்ன தீங்கு என்று நீங்கள் வினவலாம். நான்கு வட்டங்களும் கூடும் இடத்தை அறிந்துகொண்டு பதினேழு வயதில் என் முன் வந்து நின்ற மாணவர் ஒருவரும் இலர். அவ்விடம் புலப்படாத காரணத்தால் தம் வாழ்வே பொருளற்றது என்று ஓர் இளைஞர் எண்ணத் தலைப்பட்டால், அது பெருந்தீங்கு அல்லவா?

சொல்லின் பொருளைப் பார்ப்போம். 'இக்கி' என்பது உயிர் வாழ்தலைக் குறிக்கும். 'காய்' என்பது பயன், தகுதி என்ற பொருளுடையது. நம் வாழைக்காய், கத்தரிக்காயோடு இதற்கு உறவில்லை! வாழ்வதற்குப் பயனாய் அமைவது எதுவோ அது இக்கிகாய். பேரக் குழந்தையும், தோட்டத்துச் செடியும், செய்யும் தொழிலும் ஜப்பானியருக்கு இக்கிகாய் ஆகலாம். ஊதியம் வந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை.

இச்சொல்லை ஆழ்ந்து ஆராய்ந்தவர் மியேகோ காமியா என்னும் மனநோய் மருத்துவர். நாகாஷிமா என்ற சிறு தீவில் 1930-இல் ஏற்பட்ட தொழுநோய் இல்லத்தில் அவர் பணியாற்றினார். நோயாளிகளை ஊராரிடமிருந்து பிரித்துவைத்த சட்டம் அந்நாட்டில் 1996 வரை நீடித்தது. ஒரே இல்லம், ஒரே உணவு, ஒரே நோய். எனினும் சிலர் வெறுமையில் வாடினர், சிலர் நிறைவோடு வாழ்ந்தனர். இவ்வேறுபாடு எதனால் வந்தது என்ற வினாவே 1966-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு வித்தாயிற்று. அவ்வில்லத்தில் பார்வையையும் விரல்களின் உணர்வையும் ஒருங்கே இழந்த சிலர், புள்ளி எழுத்துக்களை நாவினால் தடவிப் படிக்கக் கற்றனர். ஹார்மோனிகா வாத்தியக் குழுவும் அமைத்துக்கொண்டனர். தான் செய்ய விரும்புவதும் தன் கடமையும் ஒன்றுபடும்போது மனிதன் இந்நிறைவை மிகுதியாக உணர்கிறான் என்பது காமியா அம்மையார் கண்ட முடிவுகளுள் ஒன்று.

இதை நம் மலையில் வைத்துப் பார்ப்போம். பெரும்பாறைச் சரிவுகளில் காப்பிப் பழம் பறிப்போரைக் கவனியுங்கள். ஒரே கொத்தில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்திருக்கும். பழுத்ததை மட்டும் தேர்ந்து பறிக்கவேண்டும்; அதே செடிக்குப் பன்முறை திரும்பி வரவேண்டும்; பச்சைக் காய் கலந்தால் பானத்தின் சுவை கெடும். அந்த விரல்களின் நுட்பம் எளிதில் வருவதன்று. ஆனால் ஒன்று: கூலியைக் குறைத்துவிட்டு, "வேலையில் பொருளைக் காணுங்கள்" என்று அவர்களுக்கு உபதேசிப்பது அநியாயம். தீவில் அடைபட்டோர் சிலர் நிறைவு கண்டனர் என்பதால், அவர்களை அடைத்த சட்டம் நியாயமாகிவிடவில்லை.

பெரும்பாறையிலிருந்து இன்னும் மேலே ஏறினால் கொடைக்கானல். அங்கே 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சத்திற்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் எழுந்தது. இந்நிலையம் தோன்ற அதுவும் ஒரு காரணம். 1909-இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியனின் கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

ஆனால் அத்தகைய நாள் எத்தனை முறை வரும்? மற்ற நாட்களிலெல்லாம் நடந்தது ஒரே வேலை. காலையில் மேகம் விலகும் சமயத்தை எதிர்பார்த்திருந்து, சூரியனைக் கண்ணாடித் தட்டிற் படம் பிடித்து, கழுவி, உலர்த்தி, நாளையும் நேரத்தையும் குறித்துவைப்பது. முந்தைய நாள் எடுத்த அதே சூரியன்தான்! சலிப்பூட்டக்கூடிய வேலை என்பதில் ஐயமில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தவர்களுள் பெரும்பாலோரின் பெயர் பாடப்புத்தகங்களில் இல்லை.

அத்தட்டுகள் இப்போது கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் மாற்றப்பட்டுள்ளன. சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனின் புள்ளிகள் பெருகிக் குறைவதை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுழற்சிகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவற்றை நாடுகின்றனர். ஏதோ ஒரு சாதாரணக் காலையில், மேகம் விலகும் வரை காத்திருந்து ஒருவர் எடுத்த தட்டும் அவற்றுள் ஒன்று. அவர் குறித்துவைத்த நாளும் நேரமும் இல்லாவிடில் அது இவர்களுக்கு வெறுங் கண்ணாடியே.