லயத்துப் பிள்ளைகளின் தூக்கம்

போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஜீப் வந்து நின்றுவிடும். உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். அந்த ஜீப்பைப் பிடிக்க நான்கு மணிக்காவது எழுந்து சோறு பொங்கியாக வேண்டும். வீடு பல இடங்களில் ஒரே அறைதான். அம்மா லைட்டைப் போட்டால் பிள்ளைகளுக்கும் விடிந்துவிடும். மேலே மூணாறு, வண்டிப்பெரியாறு லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஜீப் பிடிக்கும் அவசரம் இல்லை. ஆனால் அடுப்பு, டிவி, பாய், பள்ளிக்கூடப் பை எல்லாம் அங்கேயும் அதே நாலு சுவருக்குள்தான்.

பிள்ளை சரியாகத் தூங்கவில்லை என்றால் தாயைத்தான் கேட்கிறோம். அவள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், எப்படிப்பட்ட கூரையின் கீழ் படுக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. தமிழக-கேரள எல்லைப்புறத்துப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பேச அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒன்று முதல் இரண்டு வயதுவரை 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேரும். நான்கு மணிக்கு விழித்துவிடும் மூன்று வயதுப் பிள்ளை பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கினாலும், இரவு ஏழரைக்குக் கண் மூடினால்தான் பத்து மணி நேரம் தேறும். அதே அறையில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழரைக்கு எந்தப் பிள்ளை தூங்கும்? காய்கறியை முதல்நாள் இரவே நறுக்கி வைப்பது, விடிகாலையில் அடுப்படி பல்பை மட்டும் போடுவது, படுக்கும் மூலைக்குப் பழைய சேலையைத் திரையாகக் கட்டுவது என்று கைக்கெட்டியதைச் செய்யலாம். பகல் தூக்கத்தில் தோட்ட நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. மதியத்தில் இருட்டாக, ஈரமில்லாமல், சத்தமில்லாமல் ஓர் அறை அங்கே கிடைத்தாலே பிள்ளையின் தூக்கக் கடனில் பாதி அடைந்துவிடும்.

கைக்குழந்தை விஷயத்தில் தூளியைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. லயத்துத் தரை ஜில்லென்று ஈரம் கோத்திருக்கும், எலி ஓடும். விட்டத்தில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டால் கதகதப்பு, ஆட்டிக்கொண்டே அடுப்பையும் பார்க்கலாம். தூளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது. சேலையின் வளைவில் முகவாய் நெஞ்சில் போய் அழுந்தினால் மூச்சுக்குழல் மடங்கும், குழந்தை சத்தமே போடாது. அதனால் ஆட்டித் தூங்கவைக்க மட்டும் தூளி. கண் அயர்ந்ததும் அள்ளியெடுத்து, பலகைக் கட்டிலிலோ இரண்டு மடிப்புப் பாயிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தூளியே வேண்டாம். கட்டிய தூளியில் பெரிய பிள்ளைகள் ஊஞ்சலாடி, சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். குழந்தையை எடுத்த கையோடு சேலையைச் சுருட்டி மேலே செருகிவிடுவது நல்லது.

மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் புரையேறிவிடும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். உண்மை நேர்மாறானது. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நேரும் சிசு மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பால் கொடுத்ததும் கொஞ்ச நேரம் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தால் போதும். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, மெத்தென்ற ரஜாய், பொம்மை எதுவும் முகத்தருகே இருக்கக் கூடாது. அம்மாவின் பாயை ஒட்டித் தனிப் பாய், அதுவே நல்ல ஏற்பாடு. குடித்துவிட்டு வந்து படுப்பவர் எவரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. பீடிப் புகையும் ஆகாது.

பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் கைக்குழந்தையின் பாதுகாப்பு இன்னும் கூர்மையான விஷயம். 2013-இல் அங்கே ஆதிவாசிக் குடும்பங்களில் அடுத்தடுத்து நேர்ந்த சிசு மரணங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. தாய்க்கு ஊட்டமில்லாததால் எடை குறைந்து பிறந்த குழந்தைகள் அவற்றில் பல. அப்படிப் பிறந்த குழந்தையின் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. கம்பளியை அடுக்குவதைவிட, அம்மாவின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைப்பதே அதற்குச் சிறந்த சூடு. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை இது. அம்மா களைத்துக் கண் மூடினால் பாட்டியோ அப்பாவோ விழித்திருந்து பார்க்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் மூணாறுப் பக்கம் செண்டுவரையில் உறைபனி விழும். அப்போது ஜன்னலை அடைத்து நெருப்புச் சட்டியைப் படுக்கையருகே வைத்தால் ஆபத்து. கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், மூடிய விடுதி அறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கிய கேரளத்துக்காரர் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். அறையைச் சூடாக்கிவிட்டுச் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்த பிறகே படுக்க வேண்டும்.

இன்னொன்று, தூங்கவைக்க இருமல் மருந்து ஊற்றுவது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் பிள்ளைகள் இறந்தார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. 13 வயதுக்கு மேல் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. பதினோரு மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும் பையனைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. அவனுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குக் காலை பஸ் காத்திருக்காது. இரவில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்க முடியும். செல்போனை அடுப்படி அலமாரியில் சார்ஜில் போடட்டும், அப்பாவின் போனும் அங்கேயே இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் சாயங்காலத்துக்குப் பிறகும் கட்டன் சாயா என்ற பால் விடாத டீ ஓடிக்கொண்டிருக்கும். அதன் காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் கடைசிக் குவளையை நாலு மணியோடு நிறுத்துவது நல்லது.

இவையெல்லாம் வீட்டுக்குள் முடிகிற காரியங்கள். ஆனால் மூணாறுப் பக்கத்துச் சின்னக்கானல் 301 காலனியில் யானைக்குப் பயந்து கான்கிரீட் கூரை மேல் குடிசை போட்டுப் படுத்த குடும்பங்களுக்கு எந்தப் படுக்கை நேரத்தைச் சொல்வது? அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனார்கள், பயத்தைக் கொண்டுபோகவில்லை. அந்த ஊர்களிலாவது, தூங்காவிட்டால் யானை வரும் என்று பிள்ளையை மிரட்டாமல் இருப்போம்.

யானை மட்டுமல்ல, மலைச்சரிவின் பயமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தபோது பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள். 70 பேர் போனார்கள், அவர்களில் குழந்தைகளும் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. மின்சாரமும் தொடர்பும் அறுந்துபோனதால் வெளியுலகுக்குச் செய்தி எட்டவே காலையாகிவிட்டது. சரிவுக்குக் கீழே இன்றும் ஓட்டை ஒழுகலோடு நிற்கும் லயங்கள் இருக்கின்றன. கனமழைக்கு ரெட் அலர்ட் வந்த நாளில் இருட்டுவதற்கு முன்பே அங்குள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கோ வேறு உறுதியான கட்டடத்துக்கோ மாற்றிவிட வேண்டும். பாய், போர்வை, பால்பவுடர், டார்ச் லைட் எல்லாம் ஜூன் மாதமே அங்கே தயாராக இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகமும் பஞ்சாயத்தும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. யார் வண்டி அனுப்புவது, யார் கதவைத் தட்டுவது என்பதை மழை தொடங்குமுன் எழுதி, ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் தமிழில் ஒட்டிவைக்கட்டும்.