பழைய பாக்கி கேட்டு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

வீ.கே.புதூரில் பலசரக்குக் கடை நடத்தும் நமது உறுப்பினர் ஒருவர், சென்ற மாதம் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்திற்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. 2019ஆம் ஆண்டு சாரல் சீசனில் குற்றாலத்து ஓட்டல்களுக்குச் சரக்குப் போட்டு வந்தவர் அவர். இரவில் லோடு ஆட்டோவை நிறுத்திக்கொள்ள தனியார் காலிமனை ஒன்றில் மாத வாடகை பேசியிருந்தார். ஆகஸ்டு மாதம் வண்டியிலிருந்த தார்ப்பாய் களவு போய்விட்டது. "காவலுக்கும் சேர்த்துத்தானே வாடகை வாங்குகிறீர்கள்" என்று இவர் கேட்க, பேச்சு வளர்ந்து, கடைசி மாதத்து 1,800 ரூபாய் அப்படியே நின்றுபோனது. சீசனும் முடிந்தது, பேச்சும் முடிந்தது.

இத்தனை ஆண்டு கழித்து இப்போது ஏதோ ஒரு வசூல் நிறுவனத்தின் பெயரில் கடிதம் வந்திருக்கிறது. அசல், தாமதக் கட்டணம், அபராதம், அலுவலகச் செலவு என்று கூட்டி 9,640 ரூபாய். கடிதம் வந்த நாலாம் நாள் மாலை, கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, முழுசும் இப்பக் கேக்கல. ஒரு ஐந்நூறு குடுத்துட்டு, மீதியைத் தந்துடுறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மத்ததைப் பொறவு பாத்துக்கலாம்" என்றார்களாம். பேனாவைக் கையில் வாங்கிவிட்டார் மனிதர். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து தடுத்திராவிட்டால் காரியம் முடிந்திருக்கும்.

ஐந்நூறு ரூபாய் போவது பெரிதல்ல. அந்தக் கையெழுத்துதான் ஆபத்து. ஏன் என்பதை வணிக நண்பர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, வாடகை பாக்கி, சரக்கு விலை, கைமாற்று போன்ற பணக் கோரிக்கைகளுக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. கெடு தாண்டிய வழக்கை, எதிராளி அதைச் சொல்லாவிட்டாலும்கூட, கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தாலும் நமது உறுப்பினரின் 2019 ஆகஸ்டு பாக்கிக்கு 2024ஆம் ஆண்டிலேயே கெடு முடிந்துவிட்டது.

வசூலுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். கெடு முடியுமுன் "ஆம், இந்தப் பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகோ, "தந்துவிடுகிறேன்" என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25ஆவது பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே ஏற்றுக்கொள்கிறது. செத்த பாக்கிக்கு நாமே உயிர் கொடுத்ததாக ஆகிவிடும்.

அபராதம் என்று போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். போக்குவரத்துக் குற்றத்திற்குப் போலீசார் விதிப்பது வேறு. தனியார் மனைக்காரர் அபராதம் விதிக்கும் அதிகாரி அல்ல. அவருக்கும் நமக்கும் உள்ளது வெறும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்திலேயே அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்த அளவைத் தாண்டாமல் நியாயமான நஷ்டஈடு மட்டுமே கோர்ட் தரும் என்கிறது அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே கடைவளாகங்களில் வண்டி நிறுத்தும் இடங்களைத் தனியார் கம்பெனிகள் நிர்வகிக்கின்றன. நேரம் தாண்டினால் நோட்டீஸ், பிறகு வசூல் ஏஜெண்டு கடிதம் என்று வந்துகொண்டே இருக்கும். செம்ஸ்ஃபோர்டு நகரில் 2 மணி நேர இலவச அனுமதிக்கு மேல் 56 நிமிடம் வண்டியை நிறுத்திவிட்ட பீவிஸ் என்பவர், 85 பவுண்டு கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அவரும் நம்மைப் போல ஒரு சிறு கடைக்காரர்தான், வறுவல் கடை. 2015 நவம்பரில் தோற்றார். அங்கே கெடுவும் 6 ஆண்டு. லண்டனில் மகனோ மருமகனோ உள்ளவர்கள், இங்குள்ள சட்டத்தை வைத்து அவர்களுக்கு யோசனை சொல்லிவிட வேண்டாம். ஆனால் வசூல் ஏஜெண்டு என்பவர் கோர்ட் அமீனா அல்ல என்பது மட்டும் அங்கும் இங்கும் ஒன்றே. தீர்ப்பு இல்லாமல் வீட்டுக்குள் நுழையவோ, சரக்கையோ வண்டியையோ தூக்கிப் போகவோ அவருக்கு உரிமை கிடையாது.

ஆகவே, வருகிறவரிடம் கோபப்பட வேண்டாம். யார் அனுப்பியது, அனுமதிக் கடிதம் எங்கே, எந்தத் தேதியிட்ட பாக்கி, ரசீது நகல் உண்டா என்று கேளுங்கள். எதுவானாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மிரட்டினால் தேதி, நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். குற்ற மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதா 351ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. அங்கே புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். செல்போனில் "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஒரு கோப்பு வந்தால் அதைத் திறக்கவே கூடாது. வங்கிக் கணக்கைத் துடைக்கிற வேலை அது.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. கோர்ட் முத்திரையோடு சம்மன் வந்தால், பாக்கி எவ்வளவு பழையதானாலும், வக்கீல் வைத்து ஆஜராக வேண்டும். பதிலுரைக்கு 30 நாள். போகாமல் இருந்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். அதையும் விட்டுவிட்டால் 12 ஆண்டு வரை அந்தத் தீர்ப்பை நிறைவேற்றலாம். 3 ஆண்டில் முடிய வேண்டிய தொல்லை நம் பிள்ளைகள் காலம் வரை வந்து நிற்கும்.

இத்தனையும் எழுதும்போது நம்முடைய கடன் நோட்டும் நினைவுக்கு வருகிறது. அதற்கும் இதே சட்டம்தான். கெடு வைக்காமல் கடனுக்குக் கொடுத்த சரக்கானால், கொடுத்த தேதியிலிருந்து 3 ஆண்டு. வாடிக்கையாளர் இடையில் கொஞ்சம் கட்டினால், நாமே வரவு எழுதி வைத்துக்கொண்டால் போதாது. கெடு முடியுமுன் அவர் கையாலேயே எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால்தான் புதுக் கெடு கிடைக்கும். பொங்கலுக்குப் பொங்கல் நோட்டில் பாக்கியைக் கூட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? முகத்தாட்சண்யம் பார்த்தே முக்கால்வாசி முதலைத் தண்ணீரில் விட்டவர்கள் நாம்.

சரி, நமது உறுப்பினர் என்ன செய்தார்? கெடு முடிந்தால் வழக்குப் போடத்தான் வழியில்லை. பாக்கி பாக்கிதான் என்று அவரே சொன்னார். வசூல்காரர்களை விட்டுவிட்டு, மனைக்காரரை நேரில் பார்க்கப் புறப்பட்டார். சங்கத்திலிருந்து இருவர் உடன் போனோம். தார்ப்பாய்க்கு 600 கழித்து, 1,200 ரூபாயில் பேசி முடிந்தது. வாக்குறுதி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பணத்தைக் கொடுத்து, "2019 வாகன நிறுத்தக் கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று மனைக்காரர் கைப்படவே எழுதி வாங்கிக்கொண்டோம். அந்தச் சீட்டு இப்போது அவர் கடையில், கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.