சரக்கு வண்டிக்கு ஏற்ற தார்ப்பாய்

சென்ற ஐப்பசியில் நமது சங்கத்தின் சிறு சரக்கு வண்டி, தீபாவளி விற்பனைக்குரிய போர்வைச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு இரவில் புறப்பட்டது. தார்ப்பாய் புதியது, அதில் ஓர் ஓட்டையும் இல்லை. கயிறும் இறுக்கமாகவே கட்டப்பட்டிருந்தது. வழியில் இரண்டு மணி நேரம் மழை பெய்தது. விடியற்காலையில் அவிழ்த்துப் பார்த்தபோது நடுவரிசையில் இருந்த 11 சிப்பங்கள் நனைந்திருந்தன. சிவப்புக் கரையின் சாயம் வெள்ளை உடலில் இறங்கியிருந்தது. விற்பனை நிலையத்தார் அவற்றை ஏற்கவில்லை. நெய்தவர்களுக்குக் கூலி முன்னரே கொடுத்தாகிவிட்டது. ஆகவே நட்டம் சங்கத்தின் கணக்கில் ஏறியது. அதாவது நம் அனைவர் கணக்கிலும் ஏறியது.

குறை எங்கே என்று ஆராய்ந்தோம். சிப்பங்களை மட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் பாயை விரித்திருந்தோம். வண்டி ஓட ஓடச் சரக்கு அமுங்கி நடுவே பள்ளம் விழுந்தது. அதில் மழைநீர் குளம்போல் தேங்கிற்று. குலுங்கும்போதெல்லாம் அந்நீர் பாயின் நடுத்தையல் வழியாக உள்ளே ஊறிற்று. துணி நல்லதா என்று பார்த்தோமேயன்றி, நீர் வழிந்தோட இடமுண்டா என்று நாம் பார்த்தோமில்லை.

ஆதலின் தார்ப்பாய் வாங்க நினைக்கும் சங்கத்தார் முதலில் கவனிக்க வேண்டியது பாயை அன்று. பாயைத் தாங்கும் சட்டத்தையே. வண்டியின் பக்கப் பலகைகளில் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து, அவற்றில் வில்போல் வளைத்த இரும்புக் குழாய்கள் மூன்றைச் செருகி, உச்சியில் நீளவாக்கில் ஒரு குழாயைக் கட்டிவிட்டால் போதும். பழைய கூண்டு வண்டியை நினைவிற் கொண்டால் அமைப்பு விளங்கிவிடும். வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். சட்டம் இல்லாதவர்கள் சரக்கை அடுக்கும்போதே நடுவரிசையை ஒரு சிப்பம் உயர்த்தி, வீட்டுக் கூரைபோல் இருபுறமும் சரிவு உண்டாக்குதல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இனிப் பாயின் வகை. பருத்திக் கித்தான் நெசவாளருக்கு அந்நியமானதன்று. நெருக்கமாக நெய்த முரட்டுத் துணிக்கு மெழுகு முதலியன ஏற்றியதே அது. நனைந்தால் இழை பருத்துக் கண்களை அடைத்துக்கொள்ளும். காற்றும் ஆவியும் ஓரளவு வெளியேறும். ஆனால் கனம் மிகுதி. நனைந்தால் இன்னும் கனக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பற்றும். நனைந்த கித்தானை உட்புறம் சரக்கு உரசிக்கொண்டிருந்தால் அவ்விடத்தில் நீர் கசியும் என்பதையும் மறத்தலாகாது. இங்கும் சட்டம் தேவைப்படுதல் காண்க.

இன்று கடைகளில் மிகுதியாக விற்பது பிளாஸ்டிக் தார்ப்பாய். இதுவும் நெய்த துணியே. பிளாஸ்டிக்கை மெல்லிய நாடாவாக இழுத்து, பாவும் ஊடையுமாக நெய்து, இருபுறமும் பூச்சிடுகின்றனர். எடை குறைவு, நீர் இறங்காது. இதன் பகைவர் இருவர்: வெயிலும் படபடப்பும். வெயிலின் புறஊதாக் கதிர் நாடாவை நொறுங்கச் செய்யும். தளர்வாகக் கட்டிய பாய் காற்றில் அடித்துக்கொள்ளும்போது பூச்சு மடிப்புகளில் உதிரும். மூன்றாவது வகை, பி.வி.சி. பூச்சிட்ட கனத்த பாய். நெடுநாள் உழைக்கும், ஆனால் 15 அடிக்கு 18 அடிப் பாய் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ நிற்கும். ஓட்டுநர் ஒருவரே மழையில் ஏறி விரிக்க வேண்டிய சிறு வண்டிக்கு இது சற்று மிகை என்பது நம் கருத்து.

பிளாஸ்டிக் பாயின் தடிப்பைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வர், கடையில் ஜி.எஸ்.எம். என்பார்கள். வண்டிக்கு 250 கிராமுக்குக் குறையாத பாய் வேண்டும். உறையின்மேல் அச்சிட்டதை நம்பாமல் தராசில் வைத்துப் பாருங்கள். 15 அடிக்கு 18 அடி என்பது 25 சதுர மீட்டர். 250 கிராம் பாயாயின் எடை 6¼ கிலோவுக்குக் குறையாது. தராசு 4½ கிலோ காட்டினால் உங்கள் கையில் இருப்பது 180 கிராம் பாயே. நூலை எடை பார்த்து வாங்கும் நாம், பாயை மட்டும் ஏன் சொல்லுக்கு வாங்க வேண்டும்? பிறகு அதனை வெயிலுக்கு எதிரே பிடித்து ஊசிக்கண் ஒளி தெரிகிறதா என்று பார்க்கவும். நடுவில் இணைப்பு இருப்பின் தைத்ததைவிடச் சூட்டால் ஒட்டியதே நன்று. இவ்வகைப் பாய்க்கு ஐ.எஸ். 7903 என்னும் தர விதியும் உண்டு.

அளவு காண்பது எளிது. தளம் 8 அடி நீளம், 5½ அடி அகலம். சட்டம் பக்கப் பலகைக்கு மேல் 3 அடி உயரம் என்க. இருபுறமும் 3 அடி இறங்கி, பலகைக்குக் கீழே மேலும் ஓரடி தொங்க வேண்டும். அகலம் 13½ அடி, நீளம் 16 அடி ஆகிறது. 15க்கு 18 பாய் பொருந்தும். விளிம்பு மடித்தபின் அளவு குறையுமாதலால், முடிந்த அளவையே கேட்டு வாங்குக. பின்புற விளக்கையும் எண் பலகையையும் பாய் மறைத்தல் கூடாது.

அமெரிக்க நாட்டில் பிக்கப் வண்டிகளுக்குச் சுருட்டு மூடி, மடக்கு மூடி, பூட்டுள்ள அலுமினிய மூடி எனப் பலவகை உண்டு. நம் நாட்டிலும் இரட்டை அறை வண்டி வைத்திருப்போர் சிலர் அவற்றைப் பொருத்துகின்றனர். பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் அவை பக்கப் பலகையின் மட்டத்தில் படுத்திருப்பன. பலகைக்கு மேல் எழும் சிப்பத்துக்கும் காய்ப்பெட்டிக்கும் உதவா.

பயிரிடும் அங்கத்தினர்க்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பறித்த பின்னரும் காய்கள் மூச்சு விடுகின்றன. அதனால் வெப்பமும் ஈரமும் தோன்றும். தக்காளியையும் கீரையையும் பிளாஸ்டிக் பாயால் இறுக மூடிப் பகல் வெயிலில் கொண்டுசென்றால், சந்தை சேருமுன் பாதி வெந்துவிடும். பகலில் சட்டத்தின்மேல் நிழல்வலை போதும். பாயைச் சுருட்டி முன்பக்கம் கட்டி வைத்து, மழை வந்தால் மட்டும் விரிக்கலாம். அப்போதும் பின்புறத்தில் ஒரு சாண் திறப்பு விடுக. உலர்ந்த மஞ்சளுக்கோ இதற்கு நேர்மாறு: நூலைப்போலவே அதனையும் முற்றிலும் மூட வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து விலை விழும். இரவுக் குளிரில் பாயின் உட்புறம் வியர்க்குமாதலால், மூட்டைக்கும் பாய்க்கும் இடையே சாக்கு விரித்தல் நலம்.

நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. சக்கரம் வாரியிறைக்கும் நீர் தளத்தின் இடுக்குகளில் ஏறும். காலையில் காய் ஏற்றிய வண்டியில் மாலையில் புடவை ஏற்றுவோர் தளத்தைத் துடைத்து, அங்கும் ஒரு பாய் விரிக்க வேண்டும்.

கட்டும்போது முன்பக்க மடிப்பின் வாய் பின்னோக்கி இருக்கட்டும். முன்னோக்கியிருந்தால் காற்றும் மழையும் அதனுள் புகும். இரு பாய்கள் போட்டால், ஓட்டு வரிசைபோல் முன்பாய் பின்பாயின்மேல் படிய வேண்டும். சங்கம் இப்போது மூன்று வில் கொண்ட சட்டமும் 250 கிராம் பாயும் வாங்கியுள்ளது. சாயம் இறங்கிய அன்றைய பாய், தையலை மேற்புறம் திருப்பி, தளத்தில் விரிக்கப்பட்டிருக்கிறது.